தொங்கும் படுக்கையில் சுகமான தூக்கம்

'தூங்குதல்' என்றால் இன்று நாம் உறங்குதல் என்ற ஒரு பொருளைத்தான் கொள்கிறோம். பழந்தமிழில் அதற்குத் தொங்குதல், அசைதல் என்ற பொருள்களும் உண்டு. சங்க நூல்களில் வரும் 'தூங்கெயில்' என்பது வானில் தொங்கும் கோட்டை. தொங்கும் கூடு கட்டுவதால்தான் தூக்கணாங்குருவிக்கு அந்தப் பெயர். தொங்குவதற்கும் உறங்குவதற்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வழங்கியதில் வியப்பில்லை. நம்மில் பலர் பிறந்த சில நாட்களிலிருந்தே தூளியில் தொங்கிக்கொண்டு உறங்கியவர்கள் அல்லவா?

மயிலாப்பூர் மாடவீதிகளையொட்டிய பழைய வீடுகளில் தேக்கு உத்திரங்களில் இரும்பு வளையங்கள் இருக்கும். அவற்றில் ஊஞ்சல் பலகை தொங்கும். வீட்டில் குழந்தை பிறந்தால் அதே உத்திரத்தில் பாட்டியின் நூல்புடவை தூளியாகும். அந்த வீடுகளில் பெரும்பாலானவை இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. ஆனால் தூளி போகவில்லை. பெரியவர்களுக்கான புதிய வடிவத்தில் திரும்பி வந்திருக்கிறது. தியாகராய நகர்க் கடைகளில் 'ஹேமக்' என்ற பெயரில் துணியாலும் வலையாலும் செய்த பெரிய தூளிகள் விற்கின்றன. அடையாற்றுப் பால்கனிகளிலும் மொட்டை மாடிகளிலும் அவற்றைக் காணலாம். மலைப்பகுதிகளில் முகாமிடும் மாணவர்களும் அவற்றை எடுத்துச் செல்கின்றனர்.

வாங்கிக் கட்டியவர்கள் பலர் சில நாட்களில் அதைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். "முதுகு வலிக்கிறது", "வாழைப்பழம் போல வளைந்து கிடக்க வேண்டியிருக்கிறது", "விடியற்காலையில் கீழே குளிர்கிறது" என்பவை பொதுவான குறைகள். இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் இயற்பியலில் இருக்கிறது. தீர்வும் அங்கேயே இருக்கிறது. வலியைவிடப் பெரிய காரியம் ஒன்றும் உண்டு: தவறாகக் கட்டிய தூளி உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

கடலோடிகள் கற்ற பாடம்

பெரியவர்கள் படுக்கும் தூளி அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்களின் கண்டுபிடிப்பு. 1492-இல் கரீபியன் தீவுகளை அடைந்த கொலம்பஸ், அங்குள்ள மக்கள் வலைகளைக் கட்டி உறங்குவதைக் கண்டார். அவர்களுடைய 'ஹமாகா' என்ற சொல்தான் ஐரோப்பிய மொழிகளில் புகுந்தது. 1597-இல் ஆங்கிலேயக் கடற்படை தன் கப்பல்களில் தொங்கும் படுக்கைகளைப் பயன்படுத்த ஒப்புதல் அளித்தது.

கப்பலுக்கு அது மிகப் பொருத்தமானது. கப்பல் பக்கவாட்டில் சாயும்போது தரையில் கிடப்பவர் உருண்டு போவார். தூளியோ ஓர் ஊசல். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது புவியீர்ப்பின் திசையிலேயே தொங்க முயலும். இடமும் மிச்சம், காலையில் சுருட்டி வைத்துவிடலாம்.

இழுத்துக் கட்டினால் என்ன ஆகும்?

புதிதாகத் தூளி கட்டுபவர் முதலில் செய்வது, அதைக் கட்டில் போலச் சமமாக்க எண்ணி, இரு முனைகளையும் இயன்றவரை இறுக்கிக் கட்டுவது. கட்டில் சமமாக இருக்க வேண்டும்; தூளி தொய்வாக இருக்க வேண்டும். இதற்குக் காரணத்தைக் காண்போம்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் விசைகளின் இணைகர விதியைச் சரிபார்க்க இரண்டு கப்பிகளுக்கிடையே நூலைப் போட்டு நடுவில் எடையைத் தொங்கவிடுவதுண்டு. தூளியும் அதே அமைப்புதான். இரு புறமும் சாய்ந்து செல்லும் கயிறுகளின் இழுவிசையில், மேல்நோக்கிய கூறுகள் மட்டுமே உடலின் எடையைத் தாங்குகின்றன. கயிறு கிடைத்தளத்துடன் அமைக்கும் கோணத்தின் சைன் மதிப்பை இரண்டால் பெருக்கி, அந்தத் தொகையால் எடையை வகுத்தால் ஒரு கயிற்றின் இழுவிசை கிடைக்கும்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் படுக்கிறார் என்று கொள்வோம். ஒவ்வொரு கயிற்றிலும் ஏற்படும் இழுவிசை வருமாறு:

கோணம் 45° – 42 கிலோ
கோணம் 30° – 60 கிலோ
கோணம் 20° – 88 கிலோ
கோணம் 10° – 173 கிலோ
கோணம் 5° – 344 கிலோ

கோணம் குறையக் குறைய இழுவிசை எவ்வளவு வேகமாக ஏறுகிறது, பாருங்கள். கயிறு முற்றிலும் கிடையாக இருக்க வேண்டுமானால் முடிவிலியான இழுவிசை வேண்டும். அதாவது, எவ்வளவு வலிமையான கயிறானாலும் எடையைத் தாங்கிக்கொண்டு நேர்க்கோடாக நிற்க முடியாது. மின்கம்பிகளும் துணி உலர்த்தும் கொடியும் சற்றே தொய்ந்திருப்பது இதனால்தான்.

இறுக்கிக் கட்டிய தூளியில் இன்னொரு தொல்லையும் உண்டு. துணியின் இரு விளிம்புகளும் விறைத்து, தோள்களை உட்புறமாக நெருக்கும். படுத்தவரின் எடை தாழ்வாக அமையாததால் தூளி எளிதில் கவிழும். முனைகளில் மரச்சட்டம் வைத்துப் பரப்பிய வலைத் தூளிகள் விடுதித் தோட்டங்களில் அழகாகத் தோன்றும். ஆனால் அவையும் இதே காரணத்தால் ஆளைக் கவிழ்ப்பதில் பெயர் பெற்றவை. துணியைக் கொசுவி இரு முனைகளிலும் கட்டிய எளிய தூளியே இரவுத் தூக்கத்திற்கு ஏற்றது.

ஏறத்தாழ 30° கோணம்தான் நல்ல நடுநிலை. அந்தக் கோணத்தில் ஒவ்வொரு கயிறும் படுப்பவரின் எடைக்குச் சமமான இழுவிசையை மட்டுமே தாங்குகிறது. கோணத்தை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. பள்ளி மாணவரின் வடிவியல் பெட்டியில் உள்ள இரண்டு மூலைமட்டங்களில் ஒன்று 30°, 60° கோணங்களைக் கொண்டது. ஒருவரைத் தூளியில் படுக்கவைத்து, மற்றொருவர் மூலைமட்டத்தைக் கயிற்றின் அருகே பிடித்துப் பார்த்தால் போதும்.

எவ்வளவு உயரத்தில் கட்டுவது?

பொதுவாக விற்கும் தூளியின் துணி 3 மீட்டர் நீளம் இருக்கும். கட்டும் இரு தூண்களுக்கு இடையே 4 மீட்டர் தூரம் இருந்தால் மிக வசதி. துணியின் இரு புறமும் முக்கால் மீட்டர் கயிறு விட்டால் ஏறத்தாழ 30° கோணம் கிடைத்துவிடும்.

உயரத்திற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. தூண்களுக்கிடையே உள்ள தூரத்தில் கால் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதனுடன் ஒரு நாற்காலியின் உயரத்தை, அதாவது 45 செ.மீ.யைக் கூட்டுங்கள். 4 மீட்டர் தூரத்திற்கு 1 மீட்டரும் 45 செ.மீ.யும் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் கட்ட வேண்டும். ஆள் உட்கார்ந்ததும் துணியின் அடிப்பகுதி நாற்காலியின் மட்டத்தில் நிற்கும். உட்கார்வதும் எழுவதும் எளிது. தவறி விழுந்தாலும் அடி குறைவு. நைலான் துணியும் கயிறும் முதல் சில நாட்கள் நீளும், முடிச்சுகளும் இறுகும். ஆகவே முதல் வாரம் தினமும் உயரத்தைச் சரிபார்ப்பது நல்லது.

குறுக்காகப் படுப்பதன் இரகசியம்

தூளியைச் சரியாகத் தொய்வாகக் கட்டியாயிற்று. இப்போது அதன் நடுக்கோட்டிலேயே நீட்டிப் படுத்தால் என்ன ஆகும்? இடுப்பு கீழே, தலையும் காலும் மேலே என உடல் வளைந்துவிடும். முழங்கால்கள் பின்னோக்கி அழுந்தி வலிக்கும். இதைத் தவிர்க்கத் தூளியில் சற்றே குறுக்காக, நடுக்கோட்டுக்கு 15° முதல் 20° வரை சாய்வாகப் படுக்க வேண்டும். தலை ஒரு பக்க விளிம்பை நோக்கியும், கால்கள் எதிர்ப்பக்க விளிம்பை நோக்கியும் இருக்கட்டும். உடல் ஏறத்தாழச் சமமாகிவிடும்.

இது எப்படி நிகழ்கிறது? வாசகர்கள் தாங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இதோ.

ஒரு பலகையைச் சுவரில் சாய்த்து வைத்து, அதில் 26 செ.மீ. இடைவெளியில் ஒரே மட்டத்தில் இரண்டு ஆணிகளை அடியுங்கள். ஆணிகளுக்கிடையே சரியாக 30 செ.மீ. இருக்குமாறு நூலைக் கட்டுங்கள். இது நம் 3 மீட்டர் தூளியின் பத்தில் ஒரு பங்கு மாதிரி. பென்சில் முனையால் நூலின் நடுவைக் கீழே இழுங்கள். முனை 7.5 செ.மீ. ஆழத்தில் நிற்கும். அதே நிலையில், நடுவிலிருந்து பக்கவாட்டில் 7 செ.மீ. தள்ளி, நூல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். 3.5 செ.மீ. தான் இருக்கும். இடுப்பு இருக்குமிடத்தைவிடத் தலை இருக்குமிடம் 4 செ.மீ. மேலே. உண்மைத் தூளியில் இது 40 செ.மீ. ஆகிறது! உடலின் எடை ஒரு புள்ளியில் குவியாமல் பரவியிருப்பதால் நடைமுறையில் வளைவு இவ்வளவு கடுமையாக இராது. ஆனால் போக்கு இதுதான்.

இப்போது பென்சிலை நூலின் மீது நகர்த்தி, நடுவிலிருந்து 7 செ.மீ. பக்கவாட்டில் கொண்டுபோய் அங்கிருந்து நூலைக் கீழே இழுங்கள். முனை 6.6 செ.மீ. ஆழத்திற்கு இறங்குகிறது. முன்பு 4 செ.மீ. ஆக இருந்த வேறுபாடு இப்போது 1 செ.மீ.க்கும் குறைவு. பென்சில் நகரும் பாதை ஒரு நீள்வட்டத்தின் கீழ்ப்பாதி. ஆணிகள் அதன் இரு குவியங்கள். தோட்டக்காரர் நீள்வட்டப் பாத்தி போடும் முறையும் இதுவே. நீள்வட்டத்தின் அடிப்பகுதி நெடுந்தூரம் வரை தட்டையாக இருப்பதைக் கவனியுங்கள்.

தூளியின் துணியைப் பக்கம் பக்கமாக அடுக்கிய நூறு நூல்களாக எண்ணிப் பாருங்கள். நடுக்கோட்டில் படுத்தால் தலை, இடுப்பு, கால் மூன்றும் நடுவிலுள்ள அதே சில நூல்களின் மீது விழுகின்றன. ஆழமாக இழுப்பது இடுப்பு. தலையும் காலும் மேலே தூக்கப்படுகின்றன. குறுக்காகப் படுத்தால் இடுப்பை நடுநூல்கள் தாங்கும்; தலையை ஒரு பக்க நூல்களும் கால்களை மறுபக்க நூல்களும் தாங்கும். ஒவ்வொரு பகுதியும் தனக்குரிய நூல்களைத் தன் இடத்திலேயே கீழே இழுத்துக்கொள்கிறது. எல்லாம் நீள்வட்டத்தின் தட்டையான அடிப்பகுதியில் அமைகின்றன. அகலமான துணியாக இருந்தால்தான் இது முடியும். ஆகவே தூளி வாங்கும்போது ஒன்றரை மீட்டருக்குக் குறையாத அகலம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கால்பக்கம் சற்று உயரட்டும்

இரவில் படுத்தவர் காலையில் தூளியின் கால்பக்கமாகச் சறுக்கிக் கிடப்பதுண்டு. நீட்டிப் படுத்த மனித உடலின் புவியீர்ப்பு மையம் சரிபாதியில் இல்லை. பாதத்திலிருந்து அளந்தால் உயரத்தில் ஏறத்தாழ 55 விழுக்காட்டு தூரத்தில், தலைப்பக்கமாகச் சற்றுத் தள்ளி இருக்கிறது. இந்த மையம் தூளியின் மிகத் தாழ்ந்த இடத்தைத் தேடிச் செல்லும். அப்போது உடல் முழுவதும் கால்பக்கம் நகர்ந்து, கால்கள் துணியின் ஏற்றத்தில் முட்டிக்கொள்கின்றன. கால்பக்க முனையைத் தலைப்பக்கத்தைவிட 15 முதல் 20 செ.மீ. உயர்த்திக் கட்டினால் தாழ்ந்த இடம் தலைப்பக்கம் நகரும், சறுக்கல் நிற்கும்.

தலையணை மெல்லியதாக இருக்கட்டும். தூளியே தலையைச் சிறிது உயர்த்தித் தருவதால், பருத்த இலவம்பஞ்சுத் தலையணை கழுத்தை மடக்கிவிடும். அதே தலையணையை முழங்கால்களின் கீழ் வைத்தால் மூட்டுகள் சற்று மடிந்து, முதுகின் தசைகள் தளரும். நிலையான முதுகுவலி உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்காமல் இரவு முழுவதும் தூளியில் படுப்பது சரியன்று.

மொட்டை மாடியில் ஒரு கோடை இரவு

சென்னையில் மே மாத இரவுகளில் காற்றின் வெப்பநிலை பெரும்பாலும் 28° செல்சியஸ் அளவிலேயே நின்றுவிடுகிறது. காற்றில் ஈரமும் மிகுதி. மாடியில் பாய் விரித்துப் படுத்தால் முதுகில் அனல் அடிக்கிறது. காரணம் எளிது. 12 செ.மீ. தடிப்புள்ள கான்கிரீட் தளத்தில் ஒரு சதுர மீட்டரின் எடை ஏறத்தாழ 290 கிலோ. அது 10 டிகிரி குளிர்வதற்குச் சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 100 வாட் மின்விளக்கு 7 மணி நேரம் எரிந்தால் வெளிவரும் ஆற்றல் இது! பகல் முழுவதும் வெயிலை உண்ட தளம், இரவு முழுவதும் அதை உமிழ்கிறது.

மாலையில் தளத்தில் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தின் பயனையும் கணக்கிடலாம். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் தேவை. சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர் ஆவியானால், முன்னர் சொன்ன வெப்பத்தில் பெரும்பகுதியை அதுவே எடுத்துக்கொள்ள வல்லது.

தூளியின் துணியோ அரைக் கிலோ அளவே இருக்கும். அதில் சேமித்து வைக்க வெப்பமே இல்லை எனலாம். உறங்கும் மனிதரின் உடல் ஏறத்தாழ 70 வாட் வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. வியர்வை மூலமாக மட்டுமே அதை வெளியேற்றுவதானால் மணிக்கு 100 கிராம் நீர் ஆவியாக வேண்டும். மெத்தையில் படுத்தவரின் முதுகில் காற்றுப் படுவதில்லை. அங்கே வியர்வை ஆவியாக வழியில்லை. தூளியில் கீழிருந்தும் காற்று வருகிறது. துணி பருத்தியாக இருந்தால் வியர்வையை உறிஞ்சிப் பரப்பி ஆவியாக்கும். நெருக்கமாக நெய்த நைலானில் அந்த வசதி குறைவு. அதன் மேல் பருத்தி விரிப்பு ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்லது.

கொசுவை மறக்கலாகாது. உடலோடு ஒட்டி விறைத்திருக்கும் மெல்லிய துணியின் வழியாகவே கொசு கடித்துவிடும். மேலே வலை கட்டியும் முதுகெல்லாம் தடிப்பு என்று சிலர் சொல்வது இதனால்தான். துணிக்கும் உடலுக்கும் நடுவே மெல்லிய கோரைப்பாய் ஒன்றை விரித்தால் கொசுவின் ஊசி எட்டாது. பாயின் இடுக்குகளில் காற்றும் ஓடும். கொசுவலை தூளியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துச் சூழுமாறு அமைந்தால் மிகச் சிறப்பு.

குளிர் கீழிருந்து வருகிறது

சென்னையில் வரமாகும் இந்தக் குணமே கொடைக்கானலிலும் உதகையிலும் சாபமாகிறது. மலையில் முகாமிடும் மாணவர் தடித்த கம்பளியை விரித்து அதன் மேல் படுக்கிறார், மற்றொன்றைப் போர்த்துக்கொள்கிறார். மேலே கதகதப்பாக இருக்கிறது, முதுகோ உறைகிறது. ஏன்?

கம்பளி சூடு தருவதில்லை. தன் இழைகளுக்கிடையே அசையாத காற்றைச் சிறைப்படுத்தி வைக்கிறது. அந்தக் காற்றே வெப்பத்தைத் தடுக்கிறது. 2 செ.மீ. தடிப்புள்ள கம்பளி விரிப்பு, முதுகுப்புறமாக 0.6 சதுர மீட்டர் பரப்பைத் தொடுகிறது என்போம். உடலுக்கும் வெளிக்காற்றுக்கும் 25 டிகிரி வேறுபாடு இருந்தால், அதன் வழியே வெளியேறும் வெப்பம் ஏறத்தாழ 30 வாட். உடலின் எடையால் விரிப்பு நசுங்கி 4 மில்லி மீட்டர் ஆகிவிட்டால் அந்த இழப்பு ஐந்து மடங்காகி 150 வாட் ஆகிறது. உடல் உண்டாக்குவதோ 70 வாட். பற்றாக்குறையால் நடுக்கம் எடுக்கிறது.

தீர்வு: கம்பளியை உடலுக்கு அடியில் வைக்காமல், தூளிக்கு அடியில் வெளிப்புறமாகத் தொங்கவிட வேண்டும். தூளியோடு ஒட்டியும், ஆனால் நசுங்காமலும் அது இருக்க வேண்டும். இரு முனைகளையும் கயிற்றால் சுருக்கிக் கட்டி, காற்று புகாமல் மூடிவிட வேண்டும். அது முடியாதபோது, எளிதில் நசுங்காத நுரைத் தகட்டுப் பாயைத் தூளிக்குள் விரிக்கலாம். மார்கழி, தை மாதங்களில் சென்னையின் பின்னிரவு 20° அளவிற்கு இறங்கும்போது, மொட்டை மாடியில் தூங்குபவருக்கும் ஒரு ஜமக்காளமாவது அடியில் தேவைப்படும்.

ஆட்டமும் தூக்கமும்

தூளியை ஆட்டினால் குழந்தை உறங்குவது ஊரறிந்த செய்தி. பெரியவர்களுக்கும் அது பொருந்துமா? 2011-இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 12 ஆண்களைப் பிற்பகலில் 45 நிமிடம் மெதுவாக ஆடும் படுக்கையில் உறங்கவைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தனர். ஆடாத படுக்கையைவிட ஆடும் படுக்கையில் அவர்கள் விரைவாக உறங்கினர். ஆழ்ந்த தூக்கத்தைக் குறிக்கும் சில அலைகளும் மிகுந்தன. 2019-இல் 18 பேரைக் கொண்டு இரவு முழுவதும் நடந்த ஆய்விலும் ஒத்த பலன் கிடைத்தது. அசைவை உணரும் உள்செவி உறுப்புகளின் வழியாக மூளையின் தாளம் ஒழுங்குபடுகிறது என்று கருதுகின்றனர்.

அந்தப் படுக்கை 4 விநாடிக்கு ஒரு முறை ஆடியது. தனி ஊசலின் அலைவு நேரத்திற்கான சூத்திரத்தின்படி, 2 மீட்டர் நீளமுள்ள ஊசல் ஓர் அலைவுக்கு 2.8 விநாடி எடுக்கும். 4 விநாடி வேண்டுமானால் 4 மீட்டர் நீளம் தேவை. உயர்ந்த கூரையிலிருந்து தொங்கும் ஊஞ்சலுக்கே அந்த நிதானம் கிட்டும். எத்தனை கிலோ எடையானாலும் அலைவு நேரம் மாறாது என்பதையும் மாணவர்கள் நினைவில் கொள்க.

எதில் கட்டலாம், எதில் கட்டக்கூடாது?

இனி மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். கயிற்றின் இழுவிசையில் கிடைக்கூறும் இருக்கிறது; அது தூணைப் பக்கவாட்டில் இழுக்கிறது. சரியான 30° கோணத்திலேயே 60 கிலோ ஆள் ஒருவர் ஒரு தூணை 52 கிலோ விசையுடன் இழுக்கிறார். கோணம் 5° ஆனால் அது 343 கிலோ!

பழைய பங்களா வீடுகளின் வாயிலில் தனித்து நிற்கும் செங்கல் தூண் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 30 செ.மீ. சதுரமும் 1.8 மீட்டர் உயரமும் உள்ள அதன் எடை ஏறத்தாழ 300 கிலோ. ஒன்றரை மீட்டர் உயரத்தில் 52 கிலோ இழுத்தால் தூணைச் சாய்க்கும் திருப்புத்திறன் 78 கிலோ-மீட்டர். தூணின் எடை அதை நிறுத்திவைக்கும் திருப்புத்திறனோ 300 கிலோ பெருக்கல் 15 செ.மீ., அதாவது 45 கிலோ-மீட்டர் மட்டுமே. மீதியைத் தாங்குவது சுண்ணாம்போ சிமெண்டோ வைத்த பூச்சின் பிடிப்பு ஒன்றுதான். அழுத்தத்தைத் தாங்குவதில் செங்கல் கட்டடம் வலியது. இழுப்பைத் தாங்குவதில் மிக எளியது. பூச்சு விரிசல் கண்டிருந்தால் தூண் படுத்திருப்பவரின் மேலேயே சாயும். வெளிநாடுகளில் இவ்வாறு உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. செங்கல் தூண், மாடிக் கைப்பிடிச் சுவர், சன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டியின் தாங்கு கால் ஆகியவற்றில் தூளி கட்டவே கூடாது. கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் கட்டுவதும் தவறு.

கட்டடத்தின் இரும்புக்கம்பி கோத்த கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும் ஏற்றவை. கொக்கியைப் பூச்சில் அல்லாமல் கான்கிரீட்டின் உட்பகுதியில், தகுந்த ஆங்கர் போல்ட் கொண்டு, தெரிந்த ஆளை வைத்துப் பொருத்த வேண்டும். தூளியில் சட்டென்று உட்கார்ந்தாலே கயிற்றில் ஒரு கணம் இரு மடங்கு இழுவிசை ஏறும். முடிச்சு கயிற்றின் வலிமையைப் பாதி வரை குறைக்கக்கூடும். ஆகவே கணக்கிட்ட இழுவிசையைப் போல் ஐந்து மடங்காவது தாங்கக்கூடிய கயிறும் கொக்கியும் தேவை; 60 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு புறமும் 300 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். தென்னங்கயிறு ஈரத்தில் மக்கும்; நைலான் கயிறு வெயிலில் நைந்து போகும். மாதம் ஒருமுறை தடவிப் பார்த்து, இழை பிரிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

மரத்தில் கட்டுவோர் உயிருள்ள, தொடை அளவாவது பருத்த அடிமரத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். முருங்கைக் கிளை முறிவது யாவரும் அறிந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் சென்னையின் பெருமரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. வெளியில் திடமாகத் தோன்றும் மரத்தின் வேர் எந்நிலையில் உள்ளது என்று அறிவது எளிதன்று. தென்னையின் கீழ் படுக்கவே வேண்டாம். 15 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தேங்காய் தரையை அடையும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை எட்டியிருக்கும். மரப்பட்டை அறுபடாமல் இருக்க மெல்லிய கயிற்றுக்குப் பதிலாக அகலமான நாடாவைச் சுற்றுங்கள்.

குழந்தைகளுக்கு ஓர் எச்சரிக்கை

பெரியவருக்கு நன்மையாகும் வளைவு கைக்குழந்தைக்கு அவ்வாறன்று. குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடப் பெரியது. கழுத்துத் தசைகளோ வலுவற்றவை. ஆழமாகத் தொங்கும் தூளியில் தாடை மார்பில் அழுந்தினால் மூச்சுக்குழல் மடங்கி மூச்சு தடைப்படலாம். ஆகவே குழந்தையைச் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாந்து படுக்கவைப்பதே பாதுகாப்பானது என்று இன்றைய குழந்தை மருத்துவர்கள் கூறுகின்றனர். பாட்டி காலத்துத் தூளியைக் கைவிட மனம் வராதவர்கள், விழித்திருக்கும் ஒருவர் கண்பார்வையில் இருக்கும்போது மட்டும், குழந்தையின் முகமும் கழுத்தும் மடியாமல் பார்த்துக்கொண்டு பயன்படுத்தட்டும். உறங்கியதும் சமமான படுக்கைக்கு மாற்றிவிடலாம்.

ஓடியாடும் வயதுப் பிள்ளைகளுக்கு வேறோர் ஆபத்து. காலியாகத் தொங்கும் புடவைத் தூளியில் அவர்கள் சுழன்று விளையாடும்போது துணி முறுக்கேறிக் கழுத்தை இறுக்கி உயிர் போன செய்திகள் தமிழ்நாட்டு நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. முறுக்கிய துணி, அதில் தொங்கும் உடலின் எடையாலேயே மேலும் மேலும் இறுகுமே தவிரத் தானாகத் தளராது. குரல் எழுப்பவும் பிள்ளையால் இயலாது. பயன்படுத்தாத நேரத்தில் தூளியை அவிழ்த்து மடித்து வைப்பது ஒரு நிமிட வேலைதான். கொக்கியிலிருந்து இறக்காமல் அறையை விட்டுச் செல்லாதீர்கள்.

தூளியை இன்றே கட்ட விரும்புவோர் பின்வருவனவற்றை வரிசையாகச் செய்யலாம். முதலில் தூண்களின் உறுதியைப் பாருங்கள். தூரத்தில் கால் பங்குடன் 45 செ.மீ. கூட்டிய உயரத்தில் கட்டுங்கள். கால்பக்கத்தை ஒரு சாண் உயர்த்துங்கள். எடை ஏற்றியபின் மூலைமட்டத்தால் 30° கோணத்தைச் சரிபாருங்கள். முதலில் மணல் மூட்டை அல்லது நீர் நிறைத்த குடங்களை ஏற்றி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். அதன்பின் பாயை விரித்து, குறுக்காகப் படுத்து, முழங்காலின் கீழ் தலையணையை வையுங்கள். முதுகு வளைவதாகத் தோன்றினால் இன்னும் சிறிது குறுக்காகத் திரும்புங்கள். முனைகளை இழுத்து இறுக்க முயல வேண்டாம்.